கயிறு பிடிக்கும் பிள்ளைகள்

தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதற்குப் பிறகு கடலடிப் பார்களில் முத்துச்சிப்பி தேறவில்லை. சங்கு குளிப்பவர்கள் மட்டும் இன்றும் இறங்குகிறார்கள். காற்றுக்குழாயும் சிலிண்டரும் வராத அந்தக் காலத்தில் குளியாள் கல்லைத் துணைக்கொண்டு மூச்சை அடக்கி இறங்குவார். கீழே போனவருக்கும் வள்ளத்தில் இருப்பவருக்கும் இடையே பேச்சு கிடையாது. இருந்தது ஒரு கயிறு. கீழிருந்து இழுப்பு வந்ததும் மேலே இருப்பவர் தூக்கியாக வேண்டும். கண்ணயர்ந்தால் போன உயிர் போனதுதான். மனைவியின் உடன்பிறந்தானைத்தான் கயிறு பிடிக்க வைப்பார்கள், அக்காள் தாலி தன் கையில் இருக்கும்போது அவன் அசந்துவிட மாட்டான் என்று கடற்கரையில் சொல்வார்கள். கயிறு பிடித்தவருக்கு எடுத்த சிப்பியில் பங்கும் உண்டு. பத்து வயதுப் பிள்ளையின் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டு இறங்க எந்தக் குளியாளும் துணிய மாட்டார்.

கரையில் நாம் துணிகிறோம். அப்பா, அம்மா இருவருக்கும் காது கேட்காது, பிள்ளைக்குக் கேட்கும். அந்தப் பிள்ளை அரசு மருத்துவமனை வரிசையில் நிற்கிறது. வங்கி மேலாளர் முன்னால் நிற்கிறது. ரேஷன் கடையில் விரல் ரேகை ஏன் விழவில்லை என்று விளக்குகிறது. வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டும்போது நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசுகிறது. ‘கெட்டிக்காரப் பிள்ளை’ என்று தலையைத் தடவிவிட்டு நாம் நம் வேலையை முடித்துக்கொள்கிறோம். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்கு அது என்ன விலை கொடுக்கிறது என்று கேட்பவர் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேட்கும் திறன் குறைந்தவர்களாகப் பதிவானவர்கள் இந்தியா முழுவதும் 50 லட்சத்துக்குச் சற்று மேல். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கில் தனிக் கட்டம் இல்லை. காது கேளாத தம்பதியின் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேருக்குக் காது நன்றாகவே கேட்கும் என்பது பல நாடுகளிலும் கண்ட பொதுக்கணக்கு. காது கேளாமையோடு தொடர்புள்ள மரபணுக்கள் நூற்றுக்கும் மேல்; கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு வேறொன்று என்றால் பிள்ளை பெரும்பாலும் தப்பித்துவிடும். மூளைக்காய்ச்சல், கர்ப்பத்தில் தாக்கும் ருபெல்லா, காதைக் கெடுக்கும் ஊசி மருந்து என்று வெளியிலிருந்து வந்த காரணங்களோ பரம்பரையில் இறங்குவதே இல்லை. தென் மாவட்டங்களில் தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டும் வழக்கம் பிறவிக் காது கேளாமையைக் கூட்டுகிறது என்பதை மருத்துவர்கள் சொல்லிச் சலித்துவிட்டார்கள். கடல் தொழிலுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. பத்து மீட்டர் ஆழத்தில் நீரும் காற்றும் சேர்ந்து தரும் அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. நாள்தோறும் இறங்கி ஏறும் சங்குக்குளியாளின் செவிப்பறை கிழிவது புதிய சேதி அல்ல. நடுவயதில் காது மந்தமாகிப்போன குளியாட்களின் வீடுகளிலும் பிள்ளைகள்தாம் இடையில் நின்று பேசுகின்றன.

இந்தக் குடும்பங்கள் எப்படி அமைகின்றன என்று பார்த்தால் வழி பாளையங்கோட்டைக்குப் போகும். இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரி ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் 1890-களில் அங்கே தொடங்கிய காதுகேளாதோர் பள்ளி, மும்பையிலும் கொல்கத்தாவிலும் தொடங்கிய பள்ளிகளுக்கு அடுத்து, இந்தியாவின் மிகப் பழைய பள்ளிகளில் ஒன்று. இன்று அவர் பெயராலேயே மேல்நிலைப்பள்ளியாக நடக்கிறது. தூத்துக்குடி 1986-ல்தான் தனி மாவட்டமானது; அதுவரை எல்லாமே திருநெல்வேலிச் சீமை. கடற்கரை ஊரில் காது கேளாத பிள்ளை பிறந்தால் ‘பாளையங்கோட்டையில விட்டுருங்க’ என்பதுதான் பக்கத்து வீட்டார் சொல்லும் முதல் யோசனை. ஊரில் பேச ஆளில்லாமல் இருந்த பிள்ளை விடுதிக்குப் போன ஒரே மாதத்தில் கையால் ஓயாமல் பேச ஆரம்பித்துவிடும். அந்த நட்பு பள்ளியோடு முடிவதில்லை. பெண் பார்ப்பது, மாப்பிள்ளை பார்ப்பது, தையல் வேலை, அச்சக வேலை, கம்பெனி வேலை எல்லாம் அந்தப் பழைய மாணவர் வட்டத்துக்குள்ளேயே நடக்கும். வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு வந்தபின் அந்த வட்டத்துக்கு ஊர் எல்லையும் இல்லாமல் போய்விட்டது.

இப்படிச் சேர்ந்த இருவருக்குப் பிறக்கும் பிள்ளையின் தாய்மொழி எது? தமிழ் என்று நாம் எழுதிக்கொள்கிறோம். அறிவியல் வேறு மாதிரி சொல்கிறது. லாரா பெட்டிட்டோவும் உடன் பணியாற்றியவர்களும் 2001-ல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காது கேளாத பெற்றோருக்குப் பிறந்த, காது நன்றாகக் கேட்கும் கைக்குழந்தைகளின் கையசைவை அளந்த ஆய்வு அது. மற்றக் குழந்தைகள் வாயால் ‘பாபா, மாமா’ என்று மழலை பேசும் வயதில், இந்தக் குழந்தைகள் கையால் மழலை பேசின. வெறும் உதறல் ஒரு தாளத்தில் இருந்தது. மொழி பழகும் கையசைவு அதைவிட மெதுவான வேறொரு தாளத்தில் இருந்தது. தொட்டிலில் கிடக்கும்போதே சைகை மொழிக்குப் பழகிவிட்ட பிள்ளைக்குத் தமிழ் பாட்டியிடமிருந்தும் பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடமிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் வருகிறது. அப்படி வருவதில் தவறு ஒன்றும் இல்லை. தினமும் நாலு பேர் பேசக் கேட்டால் போதும், பேச்சு வந்துவிடும். ‘அம்மா பேசாததால் பிள்ளையும் பேசாது’ என்று பிள்ளையைப் பிரித்துப் பாட்டி வீட்டில் கொண்டுபோய் வைக்கும் உறவினர்கள் இன்னமும் இருக்கிறார்கள். தாயிடமிருந்து பிரிக்காமலே பாட்டியை வீட்டுக்கு அழைத்து வரலாம்.

அந்த வீடு எப்படி இருக்கும் என்று வெளியாட்கள் கற்பனை செய்வது பெரும்பாலும் தப்பு. அமைதியான வீடு என்று நினைப்பார்கள். உண்மையில் சத்தம் மிகுந்த வீடு அது. பாத்திரம் விழுந்தால் விழுந்ததுதான், கதவு அடித்தால் அடித்ததுதான், சிரிப்பு அடிவயிற்றிலிருந்து வரும். ஒருவரைக் கூப்பிடத் தரையைக் காலால் தட்டுவார்கள், அதிர்வு போய்ச் சேரும். அல்லது விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுவார்கள். அழுகையைச் சத்தத்தில் காட்டிப் பயனில்லை, முகத்தில் காட்ட வேண்டும் என்பதைக் குழந்தை சீக்கிரமே கண்டுபிடித்துவிடும். பேசுபவரின் கண்ணைப் பார்த்தே பேச வேண்டும், முதுகைக் காட்டினால் உரையாடல் முடிந்தது என்று பொருள். முகம் பார்த்துப் பேசுவதில் இந்தப் பிள்ளைகளுக்கு இருக்கும் பழக்கம் மற்றவர்களுக்கு வராது. பிற்காலத்தில் எந்த வேலைக்குப் போனாலும் அது கைகொடுக்கும். இந்த வளர்ப்பை இரக்கத்தோடு பார்க்க வேண்டிய தேவையே இல்லை. கோளாறு வீட்டு வாசலைத் தாண்டிய பிறகுதான் தொடங்குகிறது.

முதலில் சின்னக் கோளாறுகள். பள்ளியில் பெற்றோர் கூட்டம். ‘உங்க மகன் வகுப்புல ஒரே பேச்சு, கணக்குல ரொம்ப மோசம்’ என்று ஆசிரியர் சொல்வார். நடுவில் நிற்கும் மகன் அம்மாவிடம் கையால் என்ன சொல்லுவான் என்று நினைக்கிறீர்கள்? ‘நல்லாப் படிக்கிறேனாம், இன்னும் கொஞ்சம் சாப்பிடணுமாம்.’ உலகம் முழுக்க இந்தப் பிள்ளைகள் வளர்ந்தபின் சொல்லிச் சிரிக்கும் கதை இது. அந்தச் சிரிப்புக்குள் ஒரு விஷயம் இருக்கிறது. தன் பிள்ளையைப் பற்றிய உண்மையைத் தெரிந்துகொள்ளும் உரிமை அந்தத் தாயிடமிருந்து பறிபோகிறது. பறித்தவன் மகனாகத் தெரிகிறான். பொறுப்பு அந்தக் கூட்டத்தை அப்படி நடத்திய பெரியவர்களுடையது.

அடுத்து வருவது மருத்துவமனை. மார்பில் கட்டி இருக்கிறது, கர்ப்பப்பையை எடுக்க வேண்டும், குறை மாதத்தில் கரு கலைந்துவிட்டது. இதையெல்லாம் ஒரு மருத்துவர் பன்னிரண்டு வயது மகளிடம் சொல்லி, ‘அம்மாகிட்ட சொல்லும்மா’ என்று அடுத்த சீட்டை எடுப்பதை எண்ணிப் பாருங்கள். அந்தப் பெண் குழந்தைக்கு அந்த உறுப்புகளின் பெயர் தெரியாது, சைகையும் தெரியாது. தெரிந்தாலும் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல முடியாது. கொஞ்சம் குறைத்துச் சொல்வாள். எதைக் குறைத்தாள் என்பது மருத்துவருக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது. ஒப்புதல் படிவத்தில் மட்டும் கையெழுத்து விழுந்திருக்கும். காவல் நிலையத்திலும் இதேதான். அப்பா மேல் புகார் என்றால் அப்பாவுக்காகப் பேசுவதும் அதே பிள்ளை. அப்பா அடித்தார் என்று அம்மா சொல்ல வந்தால் அதைச் சொல்வதும் அதே பிள்ளை.

தொலைபேசி இன்னொரு பாடு. வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் ‘கணக்கு வைத்திருப்பவரே பேச வேண்டும்’ என்பார்கள். கணக்கு வைத்திருப்பவரால் பேச முடியாது. குரலைத் தடிக்க வைத்துக்கொண்டு மகன் ‘நான்தான் பேசறேன்’ என்பான். பொய் சொல்லக் கூடாது என்று வீட்டில் சொல்லிக் கொடுத்த பிள்ளைக்கு நாட்டின் வங்கி முறை சொல்லிக் கொடுக்கும் பொய் இது. இணையவழி அடையாளச் சரிபார்ப்பு மாற்றுத்திறனாளிகளுக்கும் எட்டும்படி இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று 20 கட்டளைகளைப் பிறப்பித்தது. எண்ணியல் வசதிகளை அணுகுவது அரசியல் சாசனம் தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பு வங்கிக் கிளைகளின் கவுன்ட்டர் வரை வந்து சேர வேண்டும்.

பெற்றோருக்கு உதவாத பிள்ளை எங்கே இருக்கிறது, எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்குக் கடிதம் படித்துக் காட்டி வளர்ந்தவர்கள்தாமே நாமெல்லாம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கடையில் பருப்பு விலை கேட்டுச் சொல்வதும், பேருந்து எங்கே போகிறது என்று பார்த்துச் சொல்வதும் பிள்ளைகள் செய்யத்தான் வேண்டும். அதில் ஒரு பெருமையும் உண்டு. ஆனால் கடிதம் படித்த பிள்ளை அம்மாவுக்காகப் பதில் முடிவு எடுக்கவில்லை. இங்கே எதிரில் இருக்கும் அதிகாரி பிள்ளையைப் பார்த்தே பேசுகிறார், பிள்ளையிடமே பதிலை எதிர்பார்க்கிறார், பெற்றோரை நாற்காலியைப்போல ஓரமாக வைத்துவிடுகிறார். ‘ஊமச்சி மவன்’ என்று தெருவில் வாங்கும் பட்டப்பெயரைவிட இது ஆழமாக வெட்டும். தன் அப்பாவை ஊர் மனிதராக மதிக்கவில்லை என்பதைப் பிள்ளை ஒவ்வொரு முறையும் தன் காதால் கேட்கிறது. அதையும் அப்பாவுக்குக் கையால் சொல்வதா வேண்டாமா என்று அந்த நொடியில் தானே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

சினிமா இந்த வாழ்க்கையை அவ்வப்போது தொட்டிருக்கிறது. சஞ்சய் லீலா பன்சாலியின் முதல் படம் ‘காமோஷி’ (1996), கோவாவில் காது கேளாத தம்பதிக்குப் பிறந்த மகளின் கதை, அவள் பாடகி. 2014-ல் வந்த பிரெஞ்சுப் படம் ‘லா ஃபமி பெலியே’. அங்கேயும் மகள் பாடுகிறாள். அதையே மீனவக் குடும்பமாக மாற்றி அமெரிக்காவில் எடுத்த ‘கோடா’ 2022-ல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றது. அங்கேயும் மகள் பாடுகிறாள். நம் ராதாமோகனின் ‘மொழி’யில் (2007) நாயகிக்குக் காது கேட்காது, நாயகன் இசைக் கலைஞன். ஏன் எல்லோருக்கும் பாட்டே வேண்டியிருக்கிறது? பெற்றோர் எதை இழந்தார்கள் என்பதைக் காது கேட்கும் ரசிகருக்கு அளந்து காட்ட வசதியான கோல் அது, வேறொன்றும் இல்லை. அந்த மகள் கணக்குப் பட்டதாரியாகி ஊரைவிட்டுப் போக விரும்பினால் படம் ஓடாது. வாழ்க்கையில் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது.

ஆனாலும் ‘கோடா’வில் ஒரு காட்சி தூத்துக்குடிக்காரர்களுக்குச் சட்டென்று பிடிபடும். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் க்ளாஸ்டர் துறைமுகத்தில் அப்பாவும் அண்ணனும் விசைப்படகில் போகிறார்கள். அன்று மகள் கூடப் போகவில்லை. கடலோரக் காவல்படை வானொலியில் அழைக்கிறது, சைரன் ஒலிக்கிறது, படகில் இருப்பவர்களுக்குத் தெரியவில்லை. விளைவு, காது கேட்கும் ஆள் ஒருவர் இல்லாமல் படகு கடலுக்குப் போகக் கூடாது என்ற கட்டளை. மகளின் கல்லூரிக் கனவு அந்தக் கட்டளையில் மாட்டிக்கொள்கிறது. குடும்பத்தின் பிழைப்பும் அவளுடைய எதிர்காலமும் ஒரே காதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

நம் துறைமுகங்களில் புயல் கூண்டு ஏற்றுவது பழைய வழக்கம். பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும் என்று 11 வரை எண் கொண்ட அந்த அடையாளங்கள் முழுக்கக் கண்ணால் பார்ப்பவை. காது கேளாத மீனவருக்கும் கேட்கிற மீனவருக்கும் அதில் வித்தியாசமே இருக்கவில்லை. இப்போது எச்சரிக்கை வயர்லெஸ்ஸிலும் கோயில், பள்ளிவாசல் ஒலிபெருக்கியிலும் ஆட்டோவில் கட்டிய குழாயிலும் வருகிறது. தொழில்நுட்பம் முன்னேறிய கணக்கில் ஒரு சாரார் பின்னுக்குப் போய்விட்டார்கள்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இந்த மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறி ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் துண்டிக்கப்பட்டன. பல இடங்களில் மின்சாரம் இல்லை, செல்பேசிக் கோபுரங்கள் செயலிழந்தன. அப்படிப்பட்ட இரவில் காது கேளாத குடும்பத்துக்கு ஒலிபெருக்கி மட்டும் எட்டாமல் போவதில்லை. சைகை மொழிக்கு வெளிச்சம் வேண்டும். விளக்கு போனால் கணவனும் மனைவியும்கூட ஒருவரோடொருவர் பேச முடியாது. அப்போது டார்ச் விளக்கைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் எந்தப் பக்கம் வருகிறது என்று கேட்டுச் சொல்ல வேண்டியது வீட்டிலிருக்கும் பிள்ளை. பேரிடர் மேலாண்மைத் திட்டம் வகுப்பவர்கள் இந்தக் குடும்பங்களின் முகவரிப் பட்டியலைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் மீன்வளத் துறையிடமும் முன்கூட்டியே வைத்திருந்தால், நேரில் ஒரு ஆள் போய்க் கதவைத் திறக்கலாம். இதற்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை.

வழி தேடுவதற்கு வருவோம். காது கேளாத பெற்றோரின் பிள்ளைகள் என்னவாக ஆனார்கள் என்று உலகத்தில் தேடினால் முதலில் எதிர்ப்படுவது இரண்டு பேர். எட்வர்ட் மைனர் காலடெட் 1837-ல் பிறந்தவர். தாய் சோபியா காது கேளாதவர். இருபதாவது வயதில் வாஷிங்டனில் காதுகேளாதோர் பள்ளிக்குப் பொறுப்பேற்று, தாயையே விடுதிக் காப்பாளராக வைத்துக்கொண்டார். 1864-ல் ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட சட்டத்தால் அது பட்டம் தரும் கல்லூரியாகி, இன்று காலடெட் பல்கலைக்கழகமாக நிற்கிறது. அவருடைய கல்வியில் சைகை மொழிக்கு இடம் இருந்தது. மற்றவர் தொலைபேசியைக் கொண்டுவந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல். தாய் எலைசாவுக்குக் காது மிகவும் மந்தம், மனைவி மேபலுக்குக் காது கேட்காது. அந்த பெல்தான் 1883-ல் காது கேளாதவர்கள் தங்களுக்குள் மணம் செய்வது ஆபத்து என்று எழுதினார், சைகையை விலக்கி உதட்டைப் பார்த்துப் பேசப் பழக்க வேண்டும் என்றார். 1891-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன்னால் இருவரும் எதிரும் புதிருமாக நின்றார்கள். காது சரியாகக் கேட்காத தாயிடம் வளர்ந்த இருவர் நேரெதிர் திசையில் போனார்கள். காது கேளாத தாயின் மகன் என்பதால் மட்டும் காது கேளாதவர்களின் நியாயம் புரிந்துவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பெல்லின் பக்கம்தான் அன்று வென்றது. 1880-ல் மிலானில் கூடிய கல்வி மாநாடு சைகையை வகுப்பறையிலிருந்து வெளியேற்றச் சொல்லியிருந்தது. அதே மாநாட்டு அமைப்பு அந்த முடிவை முறைப்படி கைவிட 2010 வரை ஆனது. இடைப்பட்ட 130 ஆண்டுகளில் மேசைக்கடியில் ஒளித்துக் கையால் பேசிய பிள்ளைகளின் விரலில் விழுந்த பிரம்படிகளுக்கு யாரும் கணக்கு வைக்கவில்லை.

வேறு வழிகளும் உண்டு. பேசாப் பட யுகத்தில் ஆயிரம் முகம் கொண்டவர் என்று பெயர் வாங்கிய லான் சேனியின் பெற்றோர் இருவரும் காது கேளாதவர்கள். முகத்தாலும் உடம்பாலும் கதை சொல்வதை அவர் நடிப்புப் பள்ளியில் கற்கவில்லை. நடிகை லூயிஸ் ஃபிளெட்சர் பேசக் கற்றுக்கொண்டது டெக்ஸாஸிலிருந்த அத்தையிடம். 1976-ல் ஆஸ்கர் மேடையில் நன்றி சொல்லும்போது, அலபாமாவில் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த காது கேளாத பெற்றோருக்காகக் கையாலும் பேசினார். கோடிக்கணக்கானவர்கள் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் இரண்டு பேருக்கு மட்டும் அவர் தனியாகப் பேசிய அந்தச் சில நொடிகள்தாம் அந்த விழாவில் இன்றும் நினைவுகூரப்படுகின்றன.

தூத்துக்குடியில் வளரும் பிள்ளைக்கு முன்னால் என்ன வழிகள்? உப்பளம், விசைப்படகு, துறைமுகத்தில் சரக்கு வேலை, மாலத்தீவுக்குப் போகும் தோணி, கப்பல் பயிற்சி முடித்து வெளிநாட்டுக் கப்பல், திருப்பூர், சென்னை, வளைகுடா. கடற்கரையில் பிறந்தவனுக்கு வெளியே போவது இயல்பு. காது கேளாத பெற்றோரின் பிள்ளை மட்டும் வெளியே போவதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கும். நான் போய்விட்டால் மின்வாரியத்துக்கு யார் பேசுவது? அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் 108-க்கு யார் போன் போடுவது? மூத்த பெண் பிள்ளை என்றால் கணக்கு இன்னும் கடினம். வீட்டுக்கும் ஊருக்கும் நடுவில் நின்று பேசும் வேலை பெரும்பாலும் மூத்த மகள் தலையில்தான் விழுகிறது. கல்யாணப் பேச்சில் அவளுக்காக வரும் சம்பந்தியிடம் அவளே பேசி, வரதட்சணைப் பேரத்தையும் தானே மொழிபெயர்த்து நிற்கும் கொடுமையும் நடக்கும். இவர்கள் ஊரிலேயே தங்குவது பாசத்தால் என்றால் சரி. அரசு அலுவலகங்களின் சோம்பேறித்தனத்தால் என்றால் அது அநியாயம்.

கண்ணும் கையும் பேசிப் பிழைத்த வழக்கம் நம் ஊருக்குப் புதிதும் இல்லை. மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்தே விலை பேசி முடிக்கும் வியாபாரிகளை நாம் பார்த்திருக்கிறோம். கடலில் ஒரு வள்ளத்திலிருந்து இன்னொரு வள்ளத்துக்கு மீன்பாட்டைக் கையால் காட்டுவது சாதாரணம். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மார்த்தாஸ் வினியார்டு என்று ஒரு தீவு. பரம்பரைக் காது கேளாமை அங்கே சில தலைமுறைகளாக அதிகமாக இருந்தது. மீன்பிடித்தும் விவசாயம் செய்தும் வாழ்ந்த அந்த ஊர்க்காரர்கள் இதற்காக மலைத்துப்போய் உட்காரவில்லை; காது கேட்பவர்கள் உட்பட எல்லோரும் சைகை மொழி பழகிக்கொண்டார்கள். படகுக்குப் படகு பேசவும் அது உதவியது. மானிடவியலாளர் நோரா எலன் க்ரோஸ் 1985-ல் எழுதிய நூல் அந்தத் தீவை உலகுக்குக் காட்டியது. அந்த ஊரில் பிறந்த பிள்ளை யாருக்கும் இடைநின்று பேச வேண்டியிருக்காது. கடைக்காரருக்கே தெரியும்.

நம் மாவட்டம் முழுவதும் நாளைக்கே கையால் பேசக் கற்றுக்கொள்ளும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. சட்டம் எதிர்பார்ப்பதை மட்டும் கேட்கிறேன். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், தகவல் தொடர்பு என்பதற்குள்ளேயே சைகை மொழியைச் சேர்த்திருக்கிறது. நீதிமன்றத்தை அணுகுவதையும் அரசு உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. பேச இயலாத சாட்சியின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளரோ சிறப்பு ஆசிரியரோ துணையிருக்கப் பதிவுசெய்து, அதை வீடியோவும் எடுக்க வேண்டும் என்று 2013-ல் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டது. 2015-ல் டெல்லியில் இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் தொடங்கியது. 2021-ல் அதன் அகராதி 10,000 சொற்களைத் தொட்டது. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி, மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் ஆஜரானார். அவருக்குத் துணையிருந்தவர் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர், வீட்டுப் பிள்ளை அல்ல. உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது தூத்துக்குடி மகளிர் காவல் நிலையத்தில் முடியாது என்பதற்குக் காரணம் எதுவும் இல்லை.

‘காக்ளியர் கருவி வந்துவிட்டது, இனிமேல் காது கேளாதவர்களே இருக்க மாட்டார்கள்’ என்று சிலர் சொல்கிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சிறு குழந்தைகளுக்கு அந்த அறுவை சிகிச்சை செய்கிறார்கள். நல்ல திட்டம், தொடர வேண்டும். ஆனால் இன்று இருபத்தைந்து, நாற்பது வயதில் பிள்ளை வளர்த்துக்கொண்டிருப்பவர்கள் அந்த வயதைத் தாண்டியவர்கள். அவர்களுக்கு இன்னும் நாற்பது ஆண்டுகளாவது மருத்துவரும் வங்கியும் காவல் நிலையமும் வேண்டியிருக்கும்.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு எங்கே போவது என்று கேட்பார்கள். இந்தப் பிள்ளைகளே வளர்ந்து நிற்கிறார்களே! இருபது வயதில் இரண்டு மொழியும் சரளமாக வைத்திருக்கும் இவர்களுக்கு ஓர் உதவித்தொகை கொடுத்து, முறையான மொழிபெயர்ப்புப் பட்டயப் படிப்பில் சேர்த்து, அரசுச் சம்பளத்தில் வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். வீட்டில் பழகிய கைப்பேச்சு மட்டும் நீதிமன்றத்துக்குப் போதாது. சட்டச் சொல், மருத்துவச் சொல், கேட்டதை வெளியில் சொல்லாத ஒழுக்கம், தன் கருத்தைக் கலக்காத கட்டுப்பாடு எல்லாம் படித்துத்தான் வரும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். விரும்புகிறவர்கள் மட்டும் இதற்கு வரட்டும். காது கேளாதவர்களின் பிள்ளை என்பதற்காகவே எல்லோரையும் மொழிபெயர்ப்பாளராக்கப் பார்ப்பது பழைய சுமையைச் சம்பளத்தோடு திரும்பத் தருவதாகிவிடும். கப்பலுக்குப் போகிறவன் போகட்டும்.

தொடங்குவதற்கு ஓர் இடம் சொல்கிறேன். ஒவ்வொரு திங்கட்கிழமையும் மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. அங்கே பயிற்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஒவ்வொரு வாரமும் தவறாமல் இருக்கட்டும். மற்ற நாட்களில் அதே ஆள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அழைப்புக்கும் காவல் நிலையங்களின் அழைப்புக்கும் வீடியோவில் கிடைக்கட்டும். அதுவரை, மருத்துவர்களுக்கும் வங்கி ஊழியர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் முன்னால் காது கேளாத ஒருவர் பிள்ளையோடு வந்து நின்றால், பிள்ளையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், ஒரு தாளும் பேனாவும் நீட்டுங்கள், பள்ளி நேரமாக இருந்தால் பிள்ளையை வகுப்புக்கு அனுப்பிவிடுங்கள்.